கியூபாவுக்காகக் கூடும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் கியூபா ஒருமைப்பாட்டுக் கூட்டங்களுக்குத் துண்டறிக்கை அடிப்பவர்கள், மேடையில் பேசுபவர்கள், கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்குபவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பல வருடங்களாக அந்தக் கூட்டங்களுக்கு வந்துபோகிறவன் என்ற உரிமையில் கொஞ்சம் மனம் விட்டே எழுதுகிறேன்.

நம் மேடைகளில் கியூபாவின் கதை 1959 புரட்சியில் தொடங்கி, 2016-இல் ஃபிடல் காஸ்ட்ரோ மறைந்ததோடு முடிந்துவிடுகிறது. சியரா மேஸ்த்ரா மலைகளில் நடந்த கெரில்லாப் போர், 1961 எழுத்தறிவு இயக்கம், கியூபப் படைகள் போய்ப் போரிட்ட அங்கோலா, உலகெங்கும் போன மருத்துவர்கள். எல்லாம் நடந்தவை, எல்லாமே பெருமைக்குரியவை. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தீவில் என்ன நடந்தது? அரசியல் சட்டம் மாறியது. நாணயம் மாறியது. தனியார் கம்பெனிகள் வந்தன. 1.1 கோடிக்கு மேல் இருந்த மக்கள்தொகை, அரசின் கணக்குப்படியே ஒரு கோடிக்குக் கீழே போய்விட்டது. 2021 ஜூலையில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். இவற்றைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. பேச வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் அமெரிக்கத் தடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்கும் உங்களுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. 1960 ஏப்ரலில் அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி லெஸ்டர் மல்லோரி எழுதிய உள்குறிப்பு இன்று யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கிறது. பெரும்பாலான கியூபர்கள் காஸ்ட்ரோவை ஆதரிக்கிறார்கள். அதனால் பணமும் பொருளும் போகாமல் தடுத்து, பசியையும் விரக்தியையும் உண்டாக்கி, அரசைக் கவிழ்க்க வேண்டும் என்பது அதன் சாரம். 1962 பிப்ரவரியில் கென்னடி முழு வர்த்தகத் தடை விதித்தார். சோவியத் யூனியன் உடைந்து கியூபா தடுமாறிக்கொண்டிருந்த 1992-இல், நேரம் பார்த்து டாரிசெல்லி சட்டம் வந்தது. கியூபத் துறைமுகத்துக்கு வணிகத்துக்காகப் போய்வந்த கப்பல் 180 நாட்களுக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது என்றது அது. உலகத்தில் எந்தக் கப்பல் முதலாளி அமெரிக்காவை விட்டுவிட்டுக் கியூபாவுக்குப் போவான்? 1996-இல் ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம். தடையை முழுதாக நீக்க நினைக்கும் ஜனாதிபதிகூட இனி காங்கிரஸைத் தாண்ட முடியாது.

இதில் நம் பேச்சாளர்கள் பெரும்பாலும் தொடாமல் போகிற ஒன்று உண்டு. இன்றைக்குக் கழுத்தை நெரிப்பது 1962-இன் தடை மட்டுமல்ல, 'பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் நாடுகள்' பட்டியலும்தான். 2015-இல் ஒபாமா கியூபாவை அதிலிருந்து எடுத்தார். 2021 ஜனவரியில், பதவி முடிய ஒரு வாரம் இருந்தபோது, டிரம்ப் மறுபடி சேர்த்தார். நான்கு வருடம் கையைக் கட்டிக்கொண்டிருந்த பைடன், 2025 ஜனவரி 14 அன்று, போகிற போக்கில் நீக்கினார். டிரம்ப் பதவியேற்ற அன்றே அதை ரத்து செய்தார். இந்தப் பட்டியலில் ஒரு நாட்டின் பெயர் இருந்தால், ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருக்கும் வங்கிகூட அந்த நாட்டுக்குப் பணம் அனுப்பத் தயங்கும். மருந்துக்கான மூலப்பொருளுக்குக் காசு கையில் இருந்தாலும், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வங்கி கிடைக்காது. ஹவானாவில் ஒரு வாரம் விடுமுறையைக் கழித்த ஜெர்மன்காரருக்கு அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் போகும் சலுகை பறிபோகிறது. சுற்றுலாவை நம்பியிருக்கும் ஒரு தீவுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள். 2018-இல் ஏறக்குறைய 47 லட்சம் பயணிகள் வந்தார்கள். 2024-இல் சுமார் 22 லட்சம்தான்.

ஐ.நா. பொதுச்சபை 1992 முதல் இந்தத் தடையைக் கண்டித்துவருகிறது. 2024-இல் 187 நாடுகள் கண்டித்தன. எதிர்த்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டும். இந்தத் தடை குற்றம். இதை எங்கே வேண்டுமானாலும் உங்களோடு நின்று சொல்வேன்.

சரி. இப்போது மீதியைப் பேசுவோம்.

ஹவானாவின் வேதாதோ பகுதியில் 23-ஆம் தெருவும் கே தெருவும் சந்திக்கும் இடத்தில் 42 மாடி ஓட்டல் ஒன்று எழுந்து நிற்கிறது. ஊரிலேயே உயரமான கட்டடம். கோவிட் காலத்தில், சுற்றுலா அடியோடு விழுந்த காலத்தில், மருந்தகங்கள் காலியாகக் கிடந்த காலத்தில் அதன் மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. 2025-இல் திறந்தார்கள். கட்டியது ராணுவத்தின் வணிகக் குழுமமான கயேசா. ஓட்டல்கள், டாலர் கடைகள், வெளிநாட்டிலிருந்து வரும் பணம் என்று நாட்டுக்குள் டாலர் நுழையும் வாசல்களில் பெரும்பாலானவை அதன் கையில் இருக்கின்றன. அதன் கணக்கைத் தணிக்கை செய்வது தன் வரம்பில் இல்லை என்று, பல வருடம் நாட்டின் தலைமைத் தணிக்கை அதிகாரியாக இருந்த கிளாடிஸ் பெஹெரானோவே 2024-இல் ஒரு பேட்டியில் சொன்னார். சில மாதங்களில் அவர் பதவியில் இல்லை.

இந்த ஓட்டலைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கியூப அரசின் புள்ளிவிவர அலுவலகம் வெளியிடும் முதலீட்டுக் கணக்கைப் பார்த்தால் தெரியும். சமீப வருடங்களில் மொத்த முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கு வரை, சில வருடங்களில் அதற்கும் மேல், ஓட்டலும் அதைச் சார்ந்த கட்டுமானமும் எடுத்துக்கொண்டன. விவசாயத்துக்குப் போனது சுமார் 3 சதவீதம். சாப்பாட்டுப் பொருளில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு இது. இந்தக் கணக்கை வருடா வருடம் எடுத்துக் காட்டுபவர் பெத்ரோ மொன்ரியல் என்ற கியூபப் பொருளியலாளர். அரசு தன் பணத்தை எங்கே போடுகிறது என்பதை வாஷிங்டன் தீர்மானிப்பதில்லை, தோழர்களே. அதை ஹவானா தீர்மானிக்கிறது.

கரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-இல் ஒரு கோடி டன் சர்க்கரை எடுப்போம் என்று நாடே வயலில் இறங்கியது. 85 லட்சம் டன் கிடைத்தது. இலக்கு தவறிய பொறுப்பை ஃபிடல் மேடையேறி ஒப்புக்கொண்டார். எண்பதுகளின் முடிவில்கூட வருடத்துக்கு 80 லட்சம் டன்னை ஒட்டி எடுத்தார்கள். 2002-இல் விலை கட்டுப்படியாகவில்லை என்று 156 ஆலைகளில் ஏறக்குறைய பாதியை மூடினார்கள். 2025 அறுவடை 1.5 லட்சம் டன்னைக்கூட எட்டவில்லை. உலகத்துக்கே சர்க்கரை அனுப்பிய தீவு இன்று ரேஷனுக்குச் சர்க்கரையை வெளியிலிருந்து வாங்குகிறது. தடையால் உரமும் உதிரிபாகமும் டீசலும் கிடைக்கவில்லை என்பது உண்மை. அதோடு, விவசாயி விளைத்ததை அரசு நிர்ணயித்த விலைக்கு அரசிடமே விற்க வேண்டும், அந்தக் காசும் மாதக்கணக்கில் தாமதமாக வரும் என்பதும் உண்மை. கரும்புப் பணத்துக்கு ஆலை வாசலில் காத்துக்கிடக்கும் நம் விவசாயிகளுக்காகப் போராடுகிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இப்போது 2021 ஜனவரி 1-க்கு வருகிறேன். என் பார்வையில், இன்றைய கியூபாவைப் புரிந்துகொள்ள 1959 ஜனவரி 1-க்கு அடுத்தபடியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய தேதி இதுதான். அதுவரை இரண்டு நாணயங்கள் இருந்தன. சம்பளம் வாங்கும் பெசோ ஒன்று, டாலருக்குச் சமமான பெசோ ஒன்று. அன்றைக்கு இரண்டாவதை ஒழித்தார்கள். ஒரு டாலருக்கு 24 பெசோ என்று அறிவித்தார்கள். 400 பெசோவாக இருந்த குறைந்தபட்சச் சம்பளத்தை 2,100 ஆக்கினார்கள். இரட்டை நாணயம் ஒழிய வேண்டியதுதான். அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் கோவிட் உச்சத்தில், பயணிகள் வராத, கடைகளில் பொருள் இல்லாத நேரத்தில், விளைச்சலுக்கு வழி செய்யாமல் நோட்டை மட்டும் பெருக்கினால் என்ன ஆகும்? விலை பறந்தது. சில வருடங்களில் வெளிச்சந்தையில் ஒரு டாலர் 400 பெசோவைத் தாண்டியது. அப்போது சராசரி மாதச் சம்பளம் சுமார் 6,000 பெசோ. அதாவது 15 டாலர் அளவு. இந்தத் திட்டத்தின் முகமாக இருந்த பொருளாதார அமைச்சர் அலெஹாந்த்ரோ கில் 2024-இல் பதவி நீக்கப்பட்டார், பிறகு கைதும் ஆனார். ஆனால் ஒரு அமைச்சர் தனியாக எடுத்த முடிவா அது? கட்சியும் தேசிய சட்டமன்றமும் கைதட்டி நிறைவேற்றியதுதானே?

இதன் விளைவு யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். 1961 எழுத்தறிவு இயக்கத்தைப் பற்றி நாம் பேசாத கூட்டம் இல்லை. சுமார் ஒரு லட்சம் சிறுவர்களும் இளைஞர்களும் கையில் லாந்தர் விளக்கோடும் பாடப் புத்தகத்தோடும் மலைக்கிராமங்களுக்குப் போனார்கள். பகலில் குடியானவர்களோடு வயலில் வேலை, இரவில் லாந்தர் வெளிச்சத்தில் பாடம். ஒரே வருடத்தில் ஏழு லட்சம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரிந்தது. அன்றைக்குப் பதினான்கு வயதில் போன சிறுமிக்கு 2025-இல் 78 வயது. 2021-இல் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,528 பெசோ. நான்கு வருடம் கழித்துத்தான் அதை இரட்டிப்பாக்கி 3,056 ஆக்கினார்கள். அன்றைய விலையில் அதற்கு முப்பது முட்டை உள்ள ஒரு அட்டை வாங்க முடிந்தது. அதோடு அந்த மாதத்துப் பணம் ஏறக்குறைய தீர்ந்தது. மீதிக்கு, 1962 முதல் இருக்கும் ரேஷன் புத்தகம். அந்த ரேஷனில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பன் கொடுக்கிறார்கள். 80 கிராமாக இருந்த அந்தப் பன்னை 2024 செப்டம்பரில் 60 கிராமாகக் குறைத்தார்கள், மாவு இல்லை என்று. அதே வருடம் பிப்ரவரியில், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ரேஷன் பாலுக்குப் பால்பவுடர் வேண்டும் என்று ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்திடம் கியூப அரசு உதவி கேட்டது. ஃபிடலின் கியூபா எந்தக் கஷ்டத்திலும் கைவைக்காமல் காத்தது அந்தப் பாலைத்தான்.

2025 ஜூலையில் தொழிலாளர் துறை அமைச்சர் மார்த்தா எலேனா ஃபெய்த்தோ, சட்டமன்றக் குழுவின் முன்னால், நாட்டில் பிச்சைக்காரர்களே இல்லை, பிச்சைக்காரர் வேஷம் போட்டவர்கள்தான் இருக்கிறார்கள் என்றார். குப்பைத் தொட்டியைக் கிளறுகிற முதியவர்களை ஹவானாவில் எல்லோரும் தினமும் பார்க்கிறார்கள். மக்கள் கொதித்தார்கள். ஜனாதிபதி தியாஸ்-கானெலே அந்தப் பேச்சைக் கண்டித்தார், மறுநாளே அமைச்சர் விலகினார். கியூப மக்கள் கேட்டால் அரசு அசைகிறது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. நாமும் சேர்ந்து கேட்பதில் என்ன தவறு?

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 18 அன்று மத்தன்சாஸ் மாகாணத்தில் உள்ள அந்தோனியோ கித்தேராஸ் அனல்மின் நிலையம் நின்றது. அதோடு நாடு முழுக்க இருண்டது. அதற்குப் பிறகு பல தடவை இதே கதை. எண்பதுகளில் தொடங்கிய நிலையம் அது. கியூபாவில் எடுக்கும் கச்சா எண்ணெய் கனமானது, கந்தகம் அதிகம், கொதிகலனை அரித்துவிடும். ஒழுங்காகப் பராமரிக்கக் காசும் உதிரிபாகமும் வேண்டும், இரண்டும் இல்லை. வெனிசுவேலாவிலிருந்து ஒரு காலத்தில் நாளுக்கு ஒரு லட்சம் பீப்பாய் அளவுக்கு வந்த எண்ணெயும் வெகுவாகக் குறைந்தது. ஹவானாவுக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் கிடையாது. மோட்டார் ஓடாததால் தண்ணீர் ஏறாது. சமையலும் நின்றுபோகும். 2006 வாக்கில் 'எரிசக்திப் புரட்சி' என்ற பெயரில் அரசே வீடு வீடாக மின்சார ரைஸ் குக்கரும் மின்அடுப்பும் கொடுத்து, மண்ணெண்ணெய் அடுப்புகளை ஓரங்கட்டியது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். இப்போது கரண்ட் போனால் அந்தக் குக்கரில் சோறு வேகாது. நகரத்து மாடி வீட்டு பால்கனியில் கரி மூட்டி, இரண்டு செங்கல்லை வைத்துச் சமைக்கிறார்கள். எந்த நேரத்தில் கரண்ட் வருகிறதோ, அது ராத்திரி இரண்டு மணியானாலும் எழுந்து சமைத்து, துவைத்து, தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள் அங்கத்திய பெண்கள். சீன உதவியோடு சோலார் பூங்காக்கள் வேகமாக எழுகின்றன. பகலுக்கு அது உதவும். சேமித்துவைக்கும் பேட்டரி போதுமான அளவு வராதவரை இரவு இருட்டுதான்.

இந்த இருட்டிலும் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. சமூகத்தில் நடந்திருக்கும் பெரிய மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன். 2021-இல் நூறு பேர் வரை வேலைக்கு வைக்கும் சிறு, நடுத்தரத் தனியார் கம்பெனிகளை அனுமதித்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை பதிவாயின. தெருவுக்குத் தெரு கடைகள். இறக்குமதியான சமையல் எண்ணெய், பாஸ்தா, உறைந்த கோழி. அந்தக் கோழியில் பெரும்பகுதி அமெரிக்கக் கோழி. உணவுப்பொருளை ரொக்கத்துக்கு விற்கலாம் என்று தடையில் ஒரு விலக்கு 2000 முதல் இருக்கிறது. பொருள் இருக்கிறது, வாங்குவதற்குச் சம்பளம் போதாது. மயாமியிலோ மத்ரீதிலோ பிள்ளை இருப்பவர் வாங்குகிறார். இல்லாதவர் பார்த்துவிட்டுப் போகிறார். 2025 ஜனவரியில் மிராமார் பகுதியில் அரசே திறந்த சூப்பர் மார்க்கெட்டில் டாலர்தான் செல்லும். அரசு தன் ஊழியர்களுக்குச் சம்பளமாகக் கொடுக்கும் பெசோவை அரசின் கடையே வாங்க மறுக்கிறது. புரட்சிக்குப் பிந்தைய முதல் அலைகளில் வெளியேறியவர்களில் பெரும்பாலோர் வெள்ளை இனத்தவர்கள். அதனால் வெளிநாட்டுப் பணமும் அதிகமாக வெள்ளைக் குடும்பங்களுக்கே வருகிறது. கறுப்பினக் குடும்பங்களுக்குப் புரட்சி திறந்துவிட்ட கதவுகளை டாலர் மறுபடி சாத்துகிறது. சாதியைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், கியூபாவைப் பேசும்போது இதைத் தொடாமல் போவது எனக்கு வலிக்கிறது.

அடுத்தது 2021 ஜூலை 11. ஹவானாவுக்கு அருகில் சான் அந்தோனியோ தே லோஸ் பாஞோஸ் என்ற சின்ன ஊரில் மின்வெட்டை எதிர்த்துத் தொடங்கியது, சில மணி நேரத்தில் தீவு முழுக்கப் பரவியது. 2018 டிசம்பரில்தான் கைப்பேசிக்கு இணையம் வந்திருந்தது. அது இல்லாமல் இவ்வளவு வேகம் வந்திருக்காது. ஜனாதிபதி தொலைக்காட்சியில் தோன்றி, புரட்சியாளர்களே தெருவுக்கு வாருங்கள், போருக்கான உத்தரவு கொடுத்தாகிவிட்டது என்றார். ஆயிரத்துக்கும் மேல் கைதுகள். ஹவானாவின் ஏழைப் பகுதியான லா குயினேராவில் ஒருவர் உயிரிழந்தார். 2022 ஜூனில் அரசு வழக்கறிஞர் அலுவலகமே தந்த கணக்கு இது: 381 பேருக்குத் தண்டனை, அதில் 297 பேருக்குச் சிறை, கலகக் குற்றத்துக்காக 36 பேருக்கு 25 ஆண்டுகள் வரை. தண்டனை பெற்றவர்களில் 16, 17 வயதுப் பிள்ளைகளும் உண்டு. 2025 ஜனவரியில், வாத்திகனின் முயற்சியால் 553 கைதிகளை விடுவிப்பதாக அரசு அறிவித்தது. அதில் ஜூலை 11 கைதிகள் பலர் வெளியே வந்தார்கள். எல்லோரும் வரவில்லை.

நம் கூட்டம் ஒன்றில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து இதைப் பற்றிக் கேட்டாள். எல்லாம் சி.ஐ.ஏ. வேலை என்று மேடையிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அவள் அப்புறம் எதுவும் கேட்கவில்லை. அமெரிக்கா கியூபாவுக்குள் பணம் இறைக்கிறது என்பது ரகசியமே இல்லை. அவர்களுடைய பட்ஜெட்டிலேயே அதற்கு ஒதுக்கீடு இருக்கிறது. அதற்காக, மாதக்கணக்கில் கரண்டும் மருந்தும் இல்லாமல் தவித்து, கோவிட்டில் சொந்தக்காரர்களைப் பறிகொடுத்துத் தெருவுக்கு வந்த ஒரு தொழிலாளியைக் கூலிக்குக் கத்தியவன் என்பீர்களா? 2024 மார்ச்சில் சாந்தியாகோ நகரத்தில் மக்கள் கூடி மின்சாரமும் சாப்பாடும் என்று கோஷம் போட்டார்கள். புரட்சி பிறந்த ஊர் அது. ஊபா சட்டத்தை எதிர்த்து நாம் ஊர் ஊராகப் பேசுகிறோம். போராடினால் சிறையா என்று கேட்கிறோம். அந்தக் கேள்வி கடல் தாண்டினால் மாறிவிடாது.

2019-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய புதிய அரசியல் சட்டத்தின் 56-ஆவது பிரிவு, அமைதியாகக் கூடவும் ஆர்ப்பாட்டம் செய்யவும் உரிமை தருகிறது. 2021-இல் சிலர் அந்தப் பிரிவைக் காட்டி, நவம்பரில் ஊர்வலம் நடத்த அனுமதி கேட்டார்கள். சோஷலிசம் மாற்ற முடியாதது என்று அதே சட்டம் சொல்வதைக் காட்டி மறுத்தார்கள். கியூபாவின் சொந்தச் சட்டத்தை கியூப அரசு மதிக்கட்டும் என்று சொல்வதற்கு நாம் அமெரிக்காவின் பக்கம் போய் நிற்கத் தேவையே இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. 2022-இல் புதிய குடும்பச் சட்டம் வந்தது. ஒரே பாலினத் திருமணம், பிள்ளை வளர்ப்பில் தாத்தா பாட்டியின் உரிமை, வீட்டு வன்முறை என்று பலவற்றைத் தொட்ட சட்டம். அதைப் பேட்டை பேட்டையாகக் கூட்டம் போட்டு விவாதித்தார்கள், திருத்தினார்கள், பிறகு வாக்கெடுப்புக்கு விட்டார்கள். தேவாலயங்கள் வெளிப்படையாக எதிர்த்தன. 66.87 சதவீதம் ஆதரவு; மூன்றில் ஒருவர் எதிர்த்து வாக்களித்தார். யாரையும் சிறையில் போடவில்லை, நாடும் உடைந்துவிடவில்லை. கோவிட் காலத்தில், சிரிஞ்சுக்கே திண்டாடிய நாடு அப்தலா, சோபெரானா என்று சொந்தத் தடுப்பூசிகளைச் செய்து, இரண்டு வயதுக் குழந்தைகள் வரை போட்டது. இவ்வளவு திறமையும் இவ்வளவு அரசியல் முதிர்ச்சியும் உள்ள மக்கள் அவர்கள். குடும்பச் சட்டத்தை மக்களிடம் விட முடிந்தவர்களால், ஓட்டல் கட்டுவதா வயலுக்குத் தண்ணீர் விடுவதா என்பதை ஏன் விட முடியவில்லை? பல இரவு யோசித்தும் எனக்கு நியாயமான பதில் கிடைக்கவில்லை.

மக்கள் காலால் வாக்களித்துக்கொண்டிருக்கிறார்கள். 2022 நிதியாண்டில் மட்டும் 2.2 லட்சத்துக்கும் மேற்பட்ட கியூபர்கள் அமெரிக்க எல்லைக்கு வந்து சேர்ந்தார்கள். 1994-இல் கட்டுமரங்களிலும் டயர்களிலும் கடலில் இறங்கியவர்கள் ஏறக்குறைய 35,000 பேர். அதை நெருக்கடி என்று உலகமே பேசியது. இன்று போகிறவர்கள் டாக்டர்கள், எஞ்சினியர்கள், ஆசிரியர்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் இப்போது நாலில் ஒருவர். 2018-இல் ஆயிரம் பிறப்புக்கு 4 ஆக இருந்த சிசு மரணம், பிறகு 7-ஐத் தாண்டிவிட்டது. அமெரிக்காவைவிடக் குறைவு என்று நாம் மேடையில் பெருமையாகச் சொல்லிவந்த அந்த எண்ணை இனி அப்படிச் சொல்ல முடியாது. பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும் துண்டறிக்கைகளைத் தயவுசெய்து மாற்றுங்கள்.

இதையெல்லாம் சொன்னால், அப்படியானால் நாட்டை மயாமியில் குடியேறிய புரட்சி எதிர்ப்பாளர்கள் கையில் கொடுத்துவிடலாமா என்று கேட்பீர்கள். கூடவே கூடாது. பசியைக் காட்டி ஒரு நாட்டை அடிபணிய வைப்பதும், 1959-க்கு முந்தைய முதலாளிகளிடம் நிலத்தையும் ஆலையையும் திருப்பிக் கொடுப்பதும் எந்தக் கியூபத் தொழிலாளிக்கும் விடுதலை ஆகாது. வியட்நாம்கூட ஒரு கட்சி ஆட்சிதான். அங்கேயும் பேச்சுரிமைக்குத் தட்டுப்பாடுதான். ஆனால் 1986-இல் தொடங்கிய சீர்திருத்தத்தில் நிலத்தை உழுபவனிடம் விட்டு, பட்டினியிலிருந்து அரிசி ஏற்றுமதிக்கு வந்தார்கள். இன்று பினார் தெல் ரியோ மாகாணத்தில் லோஸ் பலாசியோஸ் என்ற இடத்தில் ஒரு வியட்நாம் கம்பெனி நிலத்தைச் சில வருடங்களுக்குப் பயன்படுத்தும் உரிமை பெற்று நெல் பயிரிடுகிறது. நல்ல விளைச்சல். அதே உரிமையை அந்த ஊர் விவசாயிக்குக் கொடுத்தால் என்ன என்று கியூபர்களே கேட்கிறார்கள். அவர்களில் பலர் சோஷலிஸ்டுகள். அவர்களைத்தான் நாம் கேட்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

1992-இல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஹர்கிஷன் சிங் சுர்ஜித் முன்நின்று, நாடு முழுக்கத் தோழர்கள் வீடு வீடாகப் போய்த் திரட்டிய 10,000 டன் கோதுமை கியூபாவுக்குக் கப்பலேறியது. தமிழ்நாட்டில் உண்டியல் ஏந்தியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். மறுபடி அதைச் செய்வோம். 2025-இல் வியட்நாமில் செஞ்சிலுவைச் சங்கம் கியூபாவுக்காக 65 பில்லியன் டாங் இலக்கு வைத்து நிதி கேட்டது. சில நாட்களிலேயே அதைத் தாண்டிவிட்டார்கள். நம்மால் முடிந்தது ரத்த அழுத்த மாத்திரை, இன்சுலின், ஆன்டிபயாடிக், பால்பவுடர், மருத்துவமனைக்கான சிறிய சோலார் அமைப்புகள் என்று எதுவாகவும் இருக்கலாம். மருந்து உற்பத்தியில் இந்தியா பெரிய நாடு. எந்த வங்கி வழியாக, எந்தக் கப்பல் வழியாக அனுப்பலாம் என்பதைத் தெரிந்த தொழிற்சங்கத் தோழர்கள் உங்களிடமே இருக்கிறார்கள். வெறும் கண்டனத் தீர்மானத்தைவிட இது தடைக்கு நேரடியான பதிலடி.

அதோடு கூடவே, டெல்லியில் உள்ள கியூபத் தூதரகத்துக்கு ஒரு கடிதம். நண்பர்களின் கடிதமாக, மரியாதையோடு: ஜூலை 11-க்காக இன்னும் சிறையில் இருப்பவர்களை விடுவியுங்கள், 56-ஆவது பிரிவுக்கு உயிர் கொடுங்கள், கயேசாவின் கணக்கை மக்கள் முன் வையுங்கள். நாற்பது வருடம் கூட நின்றவர்கள் கேட்டால் அதற்கு ஒரு கனம் இருக்கும். அமெரிக்கத் தூதர் கேட்பதற்கு அது இருக்காது. 2023 ஜனவரியில் சேயின் மகள் அலெய்டா குவேரா சென்னைக்கு வந்தபோது அவரைக் கேட்க நாம் எவ்வளவு ஆர்வமாகப் போனோம். அடுத்த தடவை, அரசின் பிரதிநிதியோடு சேர்த்து, தீவிலேயே வாழும் ஒரு பொருளியலாளரையோ, கறுப்பினப் பெண்கள் இயக்கத்தைச் சேர்ந்த ஒருவரையோ, நிலம் கேட்டுக் காத்திருக்கும் ஒரு விவசாயியையோ அழையுங்கள். நேரில் வர வழியில்லாவிட்டால் அவர்கள் எழுதுவதை மொழிபெயர்த்து நம் பத்திரிகைகளில் போடுங்கள். ஸ்பானிஷ் தெரிந்த இளைஞர்கள் நம் ஊரில் இப்போது நிறைய பேர் இருக்கிறார்கள்.

அடுத்த ஒருமைப்பாட்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் 2021-க்குப் பிந்தைய கியூபாவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மருந்து திரட்டும் குழுவில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மாணவியையும் கூப்பிடுங்கள்.

தோழமையுடன்,
உங்கள் கூட்டங்களுக்கு வந்துபோகும் ஒரு தோழன்